கயாக் படகும் பிக்கப் வண்டியும்

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறுபடகு ஆகும். ஹைதராபாத்திலிருந்து விகாராபாத் அருகிலுள்ள கோட்பள்ளி நீர்த்தேக்கத்திற்கு அதைப் பிக்கப் வண்டியில் கொண்டுசெல்வோர் முதலில் கருதவேண்டியது எடையை அன்று, நீளத்தையே. சிறிய பிக்கப்பின் சுமைத்தளம் ஏறத்தாழ 7 அடியே இருக்க, பொழுதுபோக்குக் கயாக்கோ 10 அடியை எட்டுவதால், எஞ்சிய பகுதி பின்புறம் நீளுமாயின் தொடர்ந்து வரும் இருசக்கர ஓட்டியின் முகத்திற்கு நேராகவே அது நிற்கும்.

அனுமதித்த அளவைக் கடந்து சுமை நீள்வதற்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் விதித்துள்ளது. உயிருக்கு நேரும் ஆபத்தோ அதனினும் பெரிது. எனவே முன்முனையை ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள சட்டத்தின்மீது மெத்தை வைத்துச் சாய்த்து, பின்முனையைத் தளத்திற்குள் நிறுத்திப் பின்கதவை மூடுவதே சிறந்த முறையாகும். இரண்டு இடங்களில் அகன்ற பட்டைகளால் வண்டியின் இரும்பு வளையங்களோடு பிணைப்பதுடன், திடீரெனப் பிரேக் பிடிக்கையில் படகு முன்னோக்கி நழுவாதிருக்க முனையையும் தனியே கட்டவேண்டும்.

பெரும்பாலான கயாக்குகள் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது வெப்பத்தில் இளகும் இயல்புடையதாகையால், தெலங்கானாவின் மே மாத வெயிலில் பட்டையை அளவுக்கு மீறி முறுக்கினால் அடிப்பகுதி குழிந்துவிடக்கூடும். 5.2 மீட்டர் வரை நீளும் ஒற்றையர் பந்தயக் கயாக்கிற்கு இத்தகைய வண்டி பொருந்தாது. அதற்கென அமைந்த இழுவண்டியே ஏற்றது.