கையைக் கட்டிவைத்துப் பேசச் சொல்வதா?

 

ஓரிரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முன்றலில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தந்தையும் மகனும் வாதாடிக்கொண்டிருந்தனர். உக்ரைனைப் பற்றிய பேச்சு அது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா அந்நாட்டின் மீது படையெடுத்தது முதல் உலகம் கேட்டுவரும் கேள்விதான். படையெடுப்புக்கு ஆளான நாட்டுக்கு ஆயுதம் கொடுத்தால் போர் விரைவில் முடியுமா, அல்லது இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் முடியுமா?

“வாப்பா, அடி வாங்குகிறவனின் கையைக் கட்டிவைத்துவிட்டு, இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?” என்றான் மகன்.

“மகன், ஆயுதம் கொடுக்கிறவன் தன் பிள்ளையை அனுப்பமாட்டான். மௌத்தாகிறது யாரென்று பார்” என்றார் தந்தை.

இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். அன்று நான் உருப்படியான பதில் எதனையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நெடுநேரம் சிந்தித்தேன். நடந்துகொண்டிருக்கும் போரை வைத்து இக்கேள்விக்கு விடை தேடினால் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமானதையே காண்பர். முடிந்துபோன ஒரு போரை எடுத்துக்கொண்டால் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரப் பார்க்கலாம். ஆகவே இன்று உங்களைப் பொஸ்னியாவுக்கு அழைத்துச் செல்கிறேன். பெற்றோர்களே, உங்களுக்கு அது நினைவிருக்கும். இளைஞர்களே, உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த வேளை, 1991 செப்டெம்பர் 25ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 713ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்நாடு முழுவதற்கும் ஆயுதத் தடை. கேட்பதற்கு நல்ல தீர்மானந்தான். ஆயுதம் போகாவிட்டால் போர் தணியும் என்று எண்ணினர். ஆனால் யூகோஸ்லாவிய இராணுவத்தின் பீரங்கிகளும் தாங்கிகளும் ஏற்கனவே உள்ளேதான் இருந்தன. 1992 ஏப்ரலில் பொஸ்னியா ஹெர்ஸகோவினா சுதந்திர நாடாக அங்கீகரிக்கப்பட்டபோது அக்கனரக ஆயுதங்களில் பெரும்பகுதி பொஸ்னிய சேர்பியப் படையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மே மாதம் ஐ.நா.வின் உறுப்பு நாடாகச் சேர்ந்த பொஸ்னிய அரசாங்கமோ, அதே ஐ.நா.வின் தடையினால் துப்பாக்கி வாங்க முடியாமல் நின்றது. வெறுங்கையோடு நின்றவனுக்கும் ஆயுதக் கிடங்கை வைத்திருந்தவனுக்கும் ஒரே தடை!

சரயேவோ நகரைச் சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகள் ஏறின. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது. 11,000க்கும் அதிகமானோர் அந்நகரில் மாண்டனர். விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் கீழே மக்கள் தோண்டிய, சுமார் 800 மீற்றர் நீளமான சுரங்கப்பாதை வழியாகவே 1993 நடுப்பகுதியிலிருந்து மாவும் மருந்தும் துப்பாக்கி ரவையும் உள்ளே வந்தன. நிமிர்ந்து நடக்க முடியாத அந்த வழியில் முதுகில் சுமந்து வந்தார்கள்.

அக்காலத்தில் பேச்சுவார்த்தை நடக்கவில்லையா? நடந்தது, ஓயாமல் நடந்தது. 1993இல் சைரஸ் வான்ஸ், டேவிட் ஓவன் ஆகியோர் நாட்டைப் பத்து மாகாணங்களாகப் பிரிக்கும் திட்டமொன்றை முன்வைத்தனர். பொஸ்னிய அரசாங்கம் கையொப்பமிட்டது. சேர்பியத் தலைவர் கராட்சிச் ஏதென்ஸில் கையொப்பமிட்டார். அவருடைய சபை அதனைத் தூக்கியெறிந்தது. அடுத்துவந்த திட்டங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். நாட்டின் சுமார் 70 சதவீத நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், பேசினால் இழக்க வேண்டிவரும், பேசாவிட்டால் எதனையும் இழக்க வேண்டியதில்லை என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு மாநாடும் அவர்களுக்குச் சில மாத அவகாசத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

1993 ஜூன் மாதம் ஆயுதத் தடையை நீக்கும் பிரேரணை பாதுகாப்புச் சபைக்கு வந்தது. பாகிஸ்தான், மொரோக்கோ, ஜிபூட்டி, கேப் வேர்ட், வெனிசுவேலா, அமெரிக்கா ஆகிய 6 நாடுகள் ஆதரித்தன. மற்றைய 9 நாடுகள் வாக்களிக்காது ஒதுங்கின. எதிர்த்து ஒருவர்கூடக் கை உயர்த்தவில்லை. ஆயினும் பிரேரணை தோற்றது.

அப்பால் ஸ்ரெப்ரெனிட்சா. 1993 ஏப்ரலில் அச்சிறு நகரைப் பாதுகாப்பு வலயமென ஐ.நா. அறிவித்தது. அதற்கு ஈடாக அங்கிருந்த முஸ்லிம்கள் ஆயுதங்களை ஐ.நா. படையிடம் ஒப்படைக்க வேண்டுமென உடன்பாடு எழுதப்பட்டது. எல்லாவற்றையும் அவர்கள் ஒப்படைக்கவில்லை என்பதும், வலயத்துக்கு வெளியே சென்று சில தாக்குதல்கள் நடத்தினர் என்பதும் உண்மையே, மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1995 ஜூலையில் சேர்பியப் படை முன்னேறியபோது, ஒப்படைத்த ஆயுதங்களைத் திருப்பித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டனர். நெதர்லாந்துப் படையினர் மறுத்தனர். ஜூலை 11ஆம் திகதி நகர் வீழ்ந்தது. அதன் பின்னரான சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1999இல், ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் தமது அறிக்கையில், அந்த ஆயுதத் தடை சேர்பியர்களின் மேலாதிக்கத்தை அப்படியே உறையவைத்தது என்றும், தற்காப்புக்கான உரிமையைப் பொஸ்னியாவிடமிருந்து பறித்தது என்றும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட காலத்தில் அந்த 8,000 பேரும் மண்ணுக்குள் இருந்தனர்.

இவ்வளவும் மகனின் பக்கத்து நியாயம். தந்தையின் பக்கத்தையும் பார்ப்போம்.

1993இல் பொஸ்னிய முஸ்லிம்களும் குரோஷியர்களும் தமக்குள் சண்டையிட்டனர். இருந்த கொஞ்ச ஆயுதத்தையும் ஒருவர்மீது ஒருவர் திருப்பினர். உஸ்மானியர் காலத்தில், 1566இல் கட்டி முடிக்கப்பட்ட மொஸ்தார் பாலம் 1993 நவம்பர் 9ஆம் திகதி குரோஷிய ஷெல் வீச்சில் ஆற்றில் விழுந்தது. அந்தப் போரை முடித்தது எது தெரியுமா? ஆயுதமல்ல. 1994 மார்ச்சில் வாஷிங்டனில் செய்யப்பட்ட உடன்படிக்கை. அதில் வியப்பு என்னவென்றால், அந்த உடன்படிக்கைதான் ஆயுதத்துக்கும் வழி திறந்தது. பொஸ்னியாவுக்குப் போகும் பாதை குரோஷியா ஊடாகவே செல்ல வேண்டும். சமாதானம் ஏற்பட்டதும் அப்பாதையால் ஈரானிய ஆயுதங்கள் வந்தன, அமெரிக்கா கண்டும் காணாதிருந்தது. பேச்சு ஆயுதத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆயுதம் அடுத்த பேச்சுக்கு எதிரியை இழுத்து வந்தது. எங்கள் விவாதங்களில் இரண்டையும் இரு கரைகளாக வைத்துப் பேசுகிறோம்.

1995 ஓகஸ்ட் மாதம் குரோஷியா தன் நிலத்தைப் படைகொண்டு மீட்டது. ஓகஸ்ட் 28ஆம் திகதி சரயேவோவின் மார்க்கலே சந்தையில் ஷெல் விழுந்து 43 பேர் இறந்தனர். இரண்டு நாட்களில் நேட்டோ விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. தரையில் பொஸ்னியப் படையும் குரோஷியப் படையும் மேற்கே முன்னேறின. 70 சதவீதம் நாட்டின் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. ஒக்டோபரில் போர்நிறுத்தம். நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மூன்று வாரப் பேச்சு. மூன்றரை வருடம் மாநாடுகளில் கிடைக்காத கையொப்பம் அங்கே கிடைத்தது.

எனினும் தந்தையின் கவலை அங்கேயும் தீரவில்லை. டேட்டன் உடன்படிக்கை 49 சதவீத நிலத்தைச் சேர்பியக் குடியரசுக்கு எழுதிக் கொடுத்தது. ஸ்ரெப்ரெனிட்சாவும் அதற்குள்தான். ஜனாதிபதி அலியா இஸெத்பெகோவிச், இது நீதியான சமாதானமல்ல, ஆயினும் போரைத் தொடர்வதைவிட நீதியானது என்ற கருத்துப்படச் சொல்லிக் கையொப்பமிட்டார். வென்றுகொண்டிருந்த படை ஏன் நிறுத்தியது என்று கேட்ட பொஸ்னியர் பலர். சுமார் 1,00,000 பேரை இழந்த ஒரு சிறு நாடு இன்னும் எத்தனை ஜனாஸாக்களைச் சுமக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நான் இரண்டாமவர்களின் பக்கம். நிறுத்தக்கூடிய நாளில் நிறுத்தாதவனின் ஆயுதம், தற்காப்பு என்ற பெயரை மெல்ல மெல்ல இழந்துவிடும்.

அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 9ஆம் வசனத்தை நீங்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள். அது விசுவாசிகளான இரு கூட்டத்தாரைப் பற்றியது; ஆயினும் அதிலுள்ள ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் சமாதானம் செய்துவைக்கும்படி கட்டளை. ஒரு தரப்பு அத்துமீறினால், அது அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை அதனை எதிர்க்கும்படி கட்டளை. திரும்பிவிட்டால் மீண்டும் சமாதானம், இம்முறை நீதியோடு. பொஸ்னியாவில் உலகம் நடுப்படியை விட்டுவிட்டு முதலாவது படியிலேயே மூன்று வருடம் நின்றது.

ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவில் செய்த உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். தோழர்களுக்கே கசந்த நிபந்தனைகளை ஏற்றார்கள். பின்னர் குறைஷியரின் நட்புக் கோத்திரமான பனூ பக்ர், முஸ்லிம்களோடு ஒப்பந்தமுள்ள குஸாஆவைத் தாக்கியபோது, அவர்களைக் கைவிடவுமில்லை. மக்கா வெற்றிக்கு அதுவே காரணமாயிற்று. வென்று நுழைந்தவர்கள் பழிவாங்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொஸ்னியாவுக்குப் போராட வந்த வெளிநாட்டவர் சிலர், கைதிகளைக் கொடுமைப்படுத்தினர். அதனைத் தடுக்கத் தவறியமைக்காகப் பொஸ்னியப் படைத் தளபதி ரசிம் டெலிச்சுக்கு 2008இல் ஹேக் நீதிமன்றம் 3 வருடச் சிறை விதித்தது. எதிர்த்தரப்பின் குற்றங்கள் இதனினும் பன்மடங்கு பெரியவை. கராட்சிச், ம்லாடிச் இருவரும் ஆயுட்சிறை பெற்றனர். ஆனால் அநீதிக்கு உள்ளானவன் என்பது ஒருவனுக்கு வரம்பு மீற அனுமதி தராது. ஆயுதம் கொடுக்கச் சொல்லி வாதாடும் மகன் இதனை அறிந்துகொண்டு வாதாடட்டும். பேசச் சொல்லும் தந்தையோ, மேசைக்கு வரும் பலசாலிக்குப் பேசாமலிருந்தால் என்ன நட்டம் என்ற கேள்வியை முதலில் கேட்கட்டும்.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு அருகே பொட்டோச்சாரி என்ற இடத்தில் ஒரு மையவாடி உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜூலை 11ஆம் திகதி, புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களின் எச்சங்களை அங்கே நல்லடக்கம் செய்கிறார்கள். சிலருக்கு ஓரிரு எலும்புகளே கிடைத்தன. ஒரே குழியில் கொல்லப்பட்டவர்களைக் குற்றத்தை மறைப்பதற்காக இயந்திரங்களால் தோண்டிப் பல இடங்களில் புதைத்தார்கள். ஆகவே ஒருவரின் உடல் பல குழிகளிலிருந்து வருகிறது. மீதி கிடைக்குமென்று காத்திருக்கும் உம்மாமார், கிடைத்ததை அடக்கம் செய்வதா, இன்னொரு வருடம் பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.