காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடாதீர்கள்!

(ஆயர் குரோவில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. நான் டாக்டர் இல்லை. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று உங்களைப் போலவே மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவன். இங்கே நான் சொல்லப்போகும் மருத்துவ விஷயங்கள் எல்லாம் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவைதான். அவற்றை நம் வீட்டு மொழியில், நம் வீட்டு நிலைமையோடு சேர்த்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு. நாடு முழுவதும் 130,101 டிங்கிச் சம்பவங்கள் பதிவான ஆண்டு அது. 182 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் என் அக்காள் மகனும் ஒருவன். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன். நான்கு நாள் கடுமையான காய்ச்சல். பனாடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் லீவு போட்டால் சம்பளம் போகும், கிளம்புடா" என்று சொன்னவன் நான்தான். அன்று இரவே வயிற்று வலி, விடாத வாந்தி. மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் போய்விட்டான்.

டிங்கியில் காய்ச்சல் குறையும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்று எனக்கு அன்று தெரியாது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைக்குள் இது நடக்கும். உடம்பு குளிரும், ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ரத்த அழுத்தம் விழும். தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தையாவது நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகத்தான் முதலிலேயே சொன்னேன்.

சரி, இந்த நோய்க்கு யார் பொறுப்பு? நம் அடுக்குமாடிகளைப் பார்த்து, "இவர்கள் குப்பைக்கார ஆட்கள், அதனால் இவர்களுக்கு நோய் வருகிறது" என்பார்கள் சிலர். நம்மவர்களோ, "எல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும்" என்பார்கள். இரண்டும் சரியில்லை என்பதற்கு நம் பாட்டன்மார் காலத்திலேயே பாடம் இருக்கிறது.

ரப்பர் பயிரிடக் காடு அழித்த காலத்தில், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஓராண்டில் ஆயிரம் தொழிலாளர்களில் நூறு பேருக்கு மேல் மாண்ட தோட்டங்களும் இருந்தன. ஆட்களின் உடல் பலவீனமும் பழக்கவழக்கமும்தான் காரணம் என்று பேசப்பட்டது. ஆனால் மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்திருந்தார். 1901இல் கிள்ளானுக்கு டாக்டராக வந்த மால்கம் வாட்சன், அதை வைத்துக்கொண்டு சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார். இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகம் அதே ஆண்டில் திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலால் முடங்கிப் போயிருந்தது. வடிகால் வெட்டியதும் காய்ச்சல் அடங்கியது. மக்கள் மாறவில்லை, அதே மக்கள்தான். தண்ணீர் தேங்கிய இடம்தான் மாறியது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. அங்கே இருந்தது வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வெளிச்சம் விழச் செய்ததும் அது பெருகியது. எனவே அங்கே ஓடைகளை மண்ணுக்கு அடியில் குழாய் வைத்து ஓடவிட்டார்கள். மற்ற இடங்களில் வாரம் தவறாமல் எண்ணெய் தெளித்தார்கள். டின்னைச் சுமந்து கால்வாய் கால்வாயாகத் தெளித்தவர்களும் நம்மவர்களே. வாரம் ஒரு முறை ஏன்? முட்டை புழுவாகி, புழு கொசுவாகிப் பறப்பதற்குள் அழித்துவிட வேண்டும் என்பதற்காக.

குழாய்க்கும் எண்ணெய்க்கும் செலவு செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. வாரம் தவறாமல் செய்ய ஆள் வேண்டும் என்பது அடுத்தது. இரண்டும் சேர்ந்த இடங்களில் உயிர்கள் பிழைத்தன. இப்படிப் பல தலைமுறை உழைத்ததன் பலனாக, 2018இல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் ஒன்றுகூடத் தொற்றவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. காட்டோரத்தில் வேலை செய்வோர் அதை மறக்க வேண்டாம்.

இப்போது டிங்கிக்கு வருவோம். நம் ஊரின் பெயருக்கு மலாயில் கலங்கிய நீர் என்று பொருள். ஏடிஸ் கொசு விரும்புவதோ பெரும்பாலும் தெளிந்து தேங்கிய நீரை. சாக்கடையை மட்டும் பார்த்துவிட்டு "எங்கள் வீடு சுத்தம்" என்று சொல்லிவிட முடியாது. சுத்தமான வீட்டில்தான் அது சுகமாக வளர்கிறது. எங்கே என்று கேட்கிறீர்களா?

சாமி மேடையில் மாற்றாமல் வைத்த செம்புத் தண்ணீரில். மணி பிளான்ட் வைத்த பாட்டிலில். பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில். குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டில். கார்த்திகைக்கு ஏற்றி வாசலிலேயே விட்ட அகல் விளக்கில். உடைத்துப் போட்ட தேங்காய்ச் சிரட்டையில், பழைய டயரில், கூரைத் தகரப் பீலியில். தோட்டத்தில் இருப்பவர்கள் பால்வெட்டு நின்றுபோன மரங்களில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளையும் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் டிரம்மும் தனிக் கதை. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்குத் தவித்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பயம் நம்மை விட்டுப் போகவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தால் டிரம்மை நிரப்பி வைக்கிறோம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இறுக மூடி வையுங்கள். மூட முடியாவிட்டால் அபேட் மருந்தை உறையில் எழுதிய அளவுப்படி போடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதோடு இதையும் சேர்த்துவிடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். இந்த வேலையை அம்மாவின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு டார்ச் லைட்டைக் கொடுங்கள். நம் கண்ணில் படாத புழு அவர்கள் கண்ணில் படும்.

ஏடிஸ் கொசு பகலில், அதுவும் விடியற்காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். நம் வீடுகளில் பகலில் தூங்குவது யார்? தொட்டிலில் கிடக்கும் குழந்தையும், இரவு வேலை முடித்து வந்தவரும். இவர்களுக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும். காய்ச்சல்காரருக்கும் வலை வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். அது பறப்பது சில நூறு மீட்டர்தான். ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்துப் புளோக்கிலோதான் பிறந்திருக்கும்.

புகையடிக்க வரும்போது பல வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் கொசு உள்ளேயே தங்கிவிடும். சாப்பாட்டை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவைக் கொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

இரண்டாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் வரச் சொன்னால் மறுநாளும் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் வேண்டாம், ரத்தக் கசிவை அதிகமாக்கும். ஊசி போட்டு உடனே சரியாக்குங்கள் என்று கேட்காதீர்கள். பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப் கொடுப்பதைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுக் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், எழ முடியாத சோர்வு, சிறுநீர் குறைதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சலே இல்லாவிட்டாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். முன்பு ஒரு முறை டிங்கி வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. வேறு வகை மறுபடி தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

கிளினிக்குக்குப் போவது உங்களுக்கு மட்டும் நன்மையில்லை. டிங்கி என்று தெரிந்ததும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் இடத்துக்கு ஆட்கள் வருவார்கள். மறைத்து வீட்டில் படுத்திருந்தால் உங்கள் வரிசையில் நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"லீவு போட்டால் சம்பளம் போகும்" என்பதுதான் நம்மில் பலர் சொல்லும் காரணம். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டப்படி, வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் 18 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள். இது முதலாளி போடும் பிச்சை இல்லை, சட்டம் தந்த உரிமை. எம்.சி. வாங்குங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதேபோல, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஏழை வீட்டுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. கொசுப்புழுவுக்காக நமக்கு அபராதம் போடலாம் என்றால், தண்ணீர் தேங்கிய கட்டுமான இடத்தின் உரிமையாளருக்கும் தொழிற்சாலைக்கும் போடலாம். உங்கள் புளோக்குக்குப் பின்னால் கால்வாய் உடைந்து கிடக்கிறதா, குப்பை எடுக்கவில்லையா? தேதியோடு படம் எடுங்கள். பத்து வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதுங்கள். நகராண்மைக் கழகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு 1990ஆம் ஆண்டு வீடமைப்பு வசதிச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் வீட்டுக்குத் தண்ணீர் வசதியும் வடிகாலும் நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆனால் ஒன்று. புகார் கொடுக்கப் போகும் முன் நம் வீட்டுச் செம்பையும் பூந்தொட்டியையும் பார்த்துவிட்டுப் போவோம். அப்போதுதான் அதிகாரியின் முன்னால் தலை நிமிர்ந்து பேச முடியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் மலாய்க்காரரோ சீனரோ, அவரையும் கூப்பிடுங்கள். கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு புளோக் முழுவதும் கோத்தோங் ரோயோங் வைக்கலாமா என்று கேளுங்கள்.

யார் வீட்டிலாவது பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று கேள்விப்பட்டால், "எத்தனையாவது நாள்? கிளினிக்குக்குப் போனீர்களா?" என்று கேளுங்கள். 2019இல் என்னிடம் யாராவது ஒருவர் அதைக் கேட்டிருக்கலாம்.