இரண்டு பாஷை தெரிந்தவர்கள்

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



கட்டில் வேண்டும் என்றால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். கருவி என்றாலும் கொடுக்கிறீர்கள். அதில் பெயர் பொறிக்க இடமும் உண்டு. "புற்றுநோய் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் பயிற்சிக்கு உதவுங்கள்" என்றால் மட்டும் கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

1950-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் அணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருமுறை அவற்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் புகுந்து அணுக்கள் உப்பின. உள்ளே நெருங்கிக் கிடந்த குரோமோசோம்கள் விரிந்து கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் குரோமோசோம் அவர் படித்த துறை அல்ல. அதில் தேர்ந்த ஒருவரைத் தேடினார். அதே நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டேவிட் ஹங்கர்போர்டு கிடைத்தார். பெரிய பேராசிரியர் அல்ல, மேற்பட்டப் படிப்பு மாணவர்! நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பது அந்த மாணவரின் கண்ணில்தான் பட்டது. 1960-இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். இன்றும் அதற்குப் 'பிலடெல்பியா குரோமோசோம்' என்றே பெயர்.

குட்டையானது எப்படி? 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவுளி என்ற அம்மையார் விடை சொன்னார்: 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. அவரும் மருத்துவர், இரண்டாவதாக ஆய்வுக்கூடத்தைக் கற்றவர். அந்த இடமாற்றத்தால் உண்டாகும் புரதம், "பெருகு, பெருகு" என்று அணுவுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று.

அந்தக் கட்டளையை நிறுத்த முயன்றவர்களில் ஒருவர் பிரையன் ட்ரூக்கர். புற்றுநோய் மருத்துவராகப் பயிற்சி பெற்றவர், பாஸ்டனில் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மாணவரைப் போல அமர்ந்தார். சுவிட்சர்லாந்தில் மருந்து நிறுவனமொன்றின் வேதியியலார் உருவாக்கிய பொருள்களைச் சோதித்து, நோயணுவைக் கொல்வதைத் தேர்ந்தெடுத்தார். அதுவே இமாட்டினிப். 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நோயின் தொடக்க நிலையில் இருந்து, போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. முன்பு சில ஆண்டுகளே கெடு வைக்கப்பட்டவர்களில் பலர், இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

1960 எங்கே, 2001 எங்கே! நாற்பத்தொரு வருடங்கள். கட்டிலருகே நின்று ஜெபிக்கிற எனக்கு அது எவ்வளவு நீண்ட காலம் என்று தெரியும்.

இதில் எந்தப் படியும் ஒரே துறையை மட்டும் அறிந்தவரால் ஏறப்படவில்லை. வைத்தியத்தின் பாஷை வேறு, ஆய்வுக்கூடத்தின் பாஷை வேறு. இரண்டும் தெரிந்தவர் தானாக முளைப்பதில்லை. அமெரிக்க அரசு 1964-இலேயே மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது. இப்போது கணிதமும் கணிப்பொறியும் படித்தவர்களையும் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் பழக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டம் முடித்த பிறகும் சில ஆண்டுகள் சொற்ப ஊதியத்தில் பயில வேண்டும். குடும்பம் தொடங்குகிற வயது அது. திறமை இருந்தும் பலர் அப்போதே விலகிவிடுகிறார்கள்.

"இவர்களில் எத்தனை பேர் மருந்து கண்டுபிடிப்பார்கள், ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சிலரே. மற்றவர்கள் கற்பிப்பார்கள், பரிசோதனை முடிவுகளைச் சரியாகப் படிப்பார்கள், சந்தேகம் வந்த வைத்தியர் தேடி வரும்போது பதில் சொல்ல அங்கே இருப்பார்கள். நோவல் தேடிச் சென்றபோது ஹங்கர்போர்டு இருந்தாரே, அதைப் போல.