திறவுகோல் யார் கையில்?



திண்டுக்கல் என்றவுடன் உலகோர் நினைவில் எழுவன மலைக்கோட்டையும் பூட்டுமே. ஊருக்குள்ளும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அரத்தால் இழைத்துக் கைவினையாகப் பூட்டு செய்யும் மரபு இன்றும் வாழ்கிறது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப் பூட்டின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அடிப்படை யாது? உள்ளமைப்பை மறைத்தமையா? அன்று. பட்டறையில் நெம்புத் தகடுகள் அடுக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டவனும் பூட்டைத் திறந்துவிட இயலாது. திறவுகோல் வாங்கியவன் கையில் இருக்கிறது. செய்தவனே மறுதிறவுகோல் ஒன்றை வைத்துக்கொள்வான் எனின், அப் பூட்டை எவரேனும் வாங்குவரோ?

1851-இல் இலண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆப்சு, திறக்கவே இயலாதெனப் புகழப்பட்ட இரண்டு பூட்டுகளைத் திறந்து காட்டினார். குறையை வெளியிடுவது கள்வர்க்குத் துணையாகும் எனச் சிலர் சினந்தனர். கள்வர் அதனை முன்பே அறிவர், அறியாதவர் நல்லவரே என்பது அவர்தம் விடை. 1883-இல் கெர்க்காப்சு என்னும் மொழியறிஞர் படைத்துறை மறையெழுத்துக்கும் இதனையே நெறியாக்கினார். அமைப்பு பகைவன் கையிற் சிக்கினும் தீங்கு நேரக் கூடாது; மறைக்கத்தக்கது திறவுகோல் ஒன்றே.

இனிக் கணிப்பொறியைக் காண்க. மாந்தர் படித்தறியத்தக்க கட்டளைகளின் தொகுதியே மூலநிரல். அதனை மறைத்து, பொறி இயக்கும் வடிவை மட்டும் விற்பது மூடிய மென்பொருள். அஃது உள்ளே என்ன செய்கிறது என்பதை வாங்கியவன் எளிதில் அறியான். 2009-இல் அமேசான் நிறுவனம் தான் விற்ற சில மின்னூல்களை, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. எனினும், மறுதிறவுகோல் கடைக்காரனிடம் இருந்தமை வெட்டவெளிச்சமாயிற்று.

தமிழ் எழுத்தே இவ்வாறு பூட்டப்பட்டுக் கிடந்த காலம் உண்டு. நிறுவனத்திற்கு ஒன்றாக எழுத்துருக் குறியீடுகள் பெருகின. ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. தமிழன் எழுதிய தமிழைத் தமிழனே படிக்க விற்பனையாளனின் துணை வேண்டியதாயிற்று! 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அந் நெறி வெளிப்படையானது; எவரும் அதற்கேற்ப மென்பொருள் எழுதலாம்.

மென்பொருளுக்கும் இவ்வுரிமை வேண்டும் என 1983-இல் முழங்கினார் அமெரிக்கர் இரிச்சர்டு இசுடால்மன். இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், பிறர்க்கு வழங்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். 1991-இல் பின்லாந்து இளைஞர் இலினசு தோர்வால்ட்சு தொடங்கிய லினக்சு இவ்வழியில் வளர்ந்தது. அதன்மீது இயங்கும் கேடிஈ திரைமுகப்பைத் தன்னார்வத் தமிழர் தமிழாக்கினர். அதற்கு எந் நிறுவனத்தின் வாயிலிலும் அவர்கள் காத்து நிற்கவில்லை.

ஆயினும், திறந்திருப்பது மட்டுமே காப்பாகிவிடாது. இணையக் காப்புக்கு உலகெங்கும் பயன்பட்ட ஓப்பன்எசுஎசுஎல் என்னும் திறந்த மென்பொருளில் 2012-இல் புகுந்த கொடும் பிழை 2014-இல்தான் வெளிப்பட்டது. கதவு திறந்திருந்தது, உள்ளே கூர்ந்து நோக்கும் கண்கள் போதவில்லை. எனினும் பிழை வெளிப்பட்டபின், அதனையும் அதன் திருத்தத்தையும் எவரும் தாமே ஆராய்ந்து தெளிய முடிந்தது. மூடிய பெட்டியாயின் விற்றவன் சொல்லே சான்றாகியிருக்கும்.

ஆகவே இளைஞரே! மென்பொருளை வாங்குமுன் மூன்று கேளுங்கள். உள்ளமைப்பைக் காண முடியுமா? பழுதுற்றால் வேறொருவர் திருத்த இயலுமா? எழுதி வைத்தவற்றை வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லலாமா? கேட்பதோடு நில்லாது மூலநிரல் படிக்கவும் பழகுங்கள். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதனை ஆளும் அறிவும் வேண்டும். பூட்டு செய்யக் கற்ற ஊர், திறவுகோலைப் பிறன் கையில் விட்டு உறங்கலாமா?

எழுக! கற்க! தமிழின் திறவுகோல் தமிழர் கையில் இருப்பதாக!