சுவிச்சுக்கு ஒரு இறாக்கை



கணக்காளருக்கு இரும்பு இறாக்கையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எந்தச் சங்கத்திலும் காசு ஒருமுறை செலவாவது பாதகமில்லை. ஒரே விடயத்துக்கு மூன்று முறை செலவாவதுதான் கவலை. ஆகவே இன்று, மண்டபத்திலோ கலையகத்திலோ வலையமைப்புச் சுவிச்சை எதில், எப்படிப் பொருத்துவது என்று பேசுகிறேன்.

இது லைற் போடும் சுவிச் அல்ல. கணினி, தொலைபேசி, ஒலிபரப்புக் கருவி எல்லாவற்றையும் வயர்மூலம் இணைக்கும் பெட்டி. நோர்வேயின் தேசிய வானொலிகள் 2017இல் எஃப்எம்மை விட்டு டிஏபிக்கு மாறின. இன்று இணையத்தில் கேட்பவர்களும் பலர். அந்தப் பெட்டி மேசைக்கு அடியில் தரையில் கிடந்தால், துப்புரவுக்கு வருபவர் தூசி உறிஞ்சிக்காக ஒரு பிளக்கைக் கழற்றினாலே போதும். மரண அறிவித்தலுக்காகக் காதைத் தீட்டியிருக்கும் அம்மாவுக்கு வானொலி ஊமையாகிவிடும்.

முதலில் அளவு. இந்த இறாக்கைகளின் முன்பக்க அகலம் உலகமெங்கும் 19 அங்குலம். உயரத்தை ‘யு’ என்று எண்ணுவார்கள்; ஒரு யு 44.45 மில்லிமீற்றர். வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்: வயர்கள் வந்து சேரும் பலகைக்கு 1, வயர் ஒழுங்குபடுத்தும் தட்டுக்கு 1, சுவிச்சுக்கு 1, ரவுட்டர் வைக்கும் தட்டுக்கு 2, மின்தடைக் காப்பான யூபிஎஸ்சுக்கு 2. மொத்தம் 7. அப்படியானால் 9 யு வாங்குங்கள். நாளைக்கு ஒன்று கூடினால் புது இறாக்கை தேட வேண்டாம். உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள். சுவிச்சின் நீளத்தோடு பின்னால் வயர் வளையவும் இடம் வேண்டும். சுவிச் பழுதானால் மாற்றுவோம், இறாக்கை நிற்கும். அளவு பொதுவானது என்பதால், நெளிவில்லாத பழைய இறாக்கையும் நல்ல வாங்கல்தான்.

அடுத்தது இடம். புருசெத்தில் 1970களில் எழுந்த மாடிக் கட்டடங்களில் கொங்கிறீட் சுவரும் உண்டு, உள்ளே மெல்லிய பலகைத் தடுப்பும் உண்டு. தட்டிப் பாருங்கள். கொங்கிறீட் என்றால் அதற்குரிய விரிவாணி போட்டு இறுக்கலாம். வெறும் ஜிப்சம் பலகையில் இத்தனை பாரத்தைத் தொங்கவிடாதீர்கள். பின்னால் உள்ள மரச்சட்டத்தில் ஆணி பிடிக்க வேண்டும். யூபிஎஸ் பாரமானது, அது எப்போதும் அடித்தட்டில். தரையில் நிற்கும் உயர்ந்த இறாக்கையைச் சுவரோடு பிணையுங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது. சரிந்தால் நட்டம் காசோடு நிற்காது. மாடிப்படி வழி, தீயின்போது வெளியேறும் பாதை. அங்கே மாட்டவே கூடாது. நிலவறையில் வைத்தால் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வைக்காதீர்கள். கலையகத்துக்குள் விசிறியுள்ள சுவிச் வேண்டாம்; அந்த இரைச்சல் ஒலிவாங்கியில் ஏறும்.

2007 நவம்பரில் ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் மின்கேபிள் ஒன்று தீப்பற்றியபோது, ரயில்களோடு பலருடைய இணையமும் நின்றது. மின்சாரம் தடுமாறினால் மற்றதெல்லாம் தடுமாறும். இறாக்கைக்குள் மின்வயர் ஒரு பக்கம், இணைய வயர் மறுபக்கம் போகட்டும். நீட்டிப்பு வயரில் இன்னொரு நீட்டிப்பு வயரைச் செருகாதீர்கள். காற்றோட்டத் துளைகளை அடைக்காதீர்கள். நிலையான மின்வேலையை, இறாக்கையை நிலத்தொடுப்புச் செய்வது உட்பட, பதிவுபெற்ற மின்னியல் நிறுவனத்திடமே கொடுங்கள். அது இந்நாட்டுச் சட்டம். பற்றுச்சீட்டையும் வேலைக்கான உறுதிப்பத்திரத்தையும் கோப்பில் வையுங்கள்.

கடைசியாகப் பூட்டு. மலிவான இறாக்கைகள் பலவற்றுக்கு ஒரே திறப்புப் பொருந்தும். முடிந்தால் பூட்டை மாற்றுங்கள். இரண்டு திறப்புகள், இரண்டு பொறுப்பாளர்கள், கையொப்பத்துடன் ஒரு பதிவு. ஒவ்வொரு வயரிலும் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளில் படமும் இருக்கட்டும்.

எங்கள் அமைப்புகள் தொண்டர்களால் நடப்பவை. இன்று வயர் இழுத்த தம்பி நாளை வேறு நகரத்துக்கு வேலைக்குப் போகலாம். அவர் மனதில் மட்டும் இருக்கும் ஒழுங்கு அவரோடு போய்விடும். தாளில் இருப்பது, அடுத்து வரும் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.