கவுன்ட்டரை விட்டு வார்டுக்கு



2016-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞரை வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர். மனநோய் மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியும் அந்த வகை மருந்தான ஒலான்சபைன் கொடுத்தார்கள். மூளை வீங்கி, அந்த நவம்பரிலேயே இறந்துபோனார். இன்று இங்கிலாந்தில் மருத்துவப் பணியாளர்களுக்கான ஆட்டிசப் பயிற்சி அவர் பெயரில்தான் நடக்கிறது.

ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று நோயாளியைச் சேர்க்கும்போதே கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டுத் தடுக்க வேண்டியவர் மருந்தாளுநர். நம் ஊரில் அவரைக் கவுன்ட்டருக்குப் பின்னால் மாத்திரை எண்ண வைத்திருக்கிறோம். 2008-லேயே மருந்தாளுநருக்கான ‘பார்ம்.டி’ படிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷம் படித்தவரை எண்ணிக் கொடுக்க மட்டும் வைத்திருப்பது வீண்தான்.

வார்டில் என்ன நடக்கிறது, பாருங்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் வீட்டில் சாப்பிட்டது வெள்ளை மாத்திரை. இங்கே அதே மருந்து, வேறு கம்பெனி, மஞ்சள் நிறம். துப்பிவிடுவான். சரி, பொடித்துக் கொடுப்போம் என்பார்கள். மெதுவாகக் கரைய வேண்டிய வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். சிரப்புக்கு மாற்றலாம், ஆனால் எத்தனை மில்லி, எத்தனை வேளை என்று கணக்குப் போட ஆள் வேண்டும். ரிஸ்பெரிடோன் திரவ மருந்தை டீயிலோ கோலாவிலோ கலக்கக் கூடாது, தண்ணீரில் கலக்கலாம் என்பதையும் யாராவது அம்மாவிடம் சொல்ல வேண்டுமே.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. கடுமையான தொற்றுக்கு மெரோபெனம் ஊசி போடுவார்கள். அது ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவைச் சட்டென்று இறக்கிவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடும். ஊசிச் சீட்டு மருந்தகத்துக்கு வந்ததும் மருந்தாளுநர் டாக்டருக்கு போன் போட வேண்டிய இடம் இது.

பையன் அலறினால் உடனே தூக்க ஊசி என்பதும் வழக்கமாகிவிட்டது. பல்வலியா, மலச்சிக்கலா, மருந்தின் பக்கவிளைவா என்று பார்த்தீர்களா எனக் கேட்கிற உரிமை மருந்தாளுநருக்கு உண்டு.

பெற்றோர்களே, பிள்ளையை மருத்துவமனையில் சேர்க்கப் போகும்போது பழைய சீட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும், அப்போது என்ன ஆனது என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வார்டுக்கு வந்து பார்க்கிற மருந்தாளுநர், அதாவது கிளினிக்கல் பார்மசிஸ்ட், இருக்கிறாரா என்றும் கேளுங்கள். சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்; கேட்டால்தான் கட்டில் பக்கம் வருவார்கள்.