விதை பெரிசா, காடு பெரிசா?



மழை பெய்து ஓய்ந்ததும் நம்ம சம்சாரி என்ன செய்வார்? குனிந்து ஒரு பிடி கரிசலை அள்ளிப் பிசைந்து பார்ப்பார். கையில் அப்பினால் ஈரம் கூடுதல். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் காணாது. பதம் பார்க்காமல் விதைப்பெட்டியைத் தொடமாட்டார்.

வானத்திலும் பதம் உண்டு. வாயு குளிர்ந்தால்தான் திரண்டு விண்மீனாகும். விண்மீன் மண்டலத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிற பெருங்கருந்துளை அதே வாயுவைத் தின்றுதான் பெருக்கிறது. ஆனால் விழுகிற வாயு உள்ளே போகுமுன் கொதித்து ஒளிர்கிறது. அந்த ஒளியும், அதில் கிளம்புகிற காற்றும் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி விரட்டிவிடுகின்றன. விண்மீன் பிறப்பு குறைகிறது. கருந்துளைக்கும் இரை நின்றுபோகிறது. பக்கத்து மண்டலங்களில் நடுப்புடைப்பின் விண்மீன்கள் ஆயிரம் மூட்டை என்றால், கருந்துளை ஏறத்தாழ ஒரு மூட்டை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்ததற்கு அந்தக் கணக்கே தடயம்.

சரி, அந்தக் கருந்துளைக்கு முதல் விதை எது? செத்த விண்மீன் விட்டுப்போன சிறுவிதையா? கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிரியம்வதா நடராஜன் இன்னொரு வழியைக் காட்டினார். பெரும் வாயு மேகம் விண்மீனாகாமலே நேராகச் சரிந்து பெருவிதையாகலாம் என்று 2006-ல் சக ஆய்வாளர் லொடாட்டோவுடன் சேர்ந்து எழுதினார். அப்படியானால் ஆதிகாலத்தில் கருந்துளை என்ற விதை, விண்மீன்கள் என்ற காட்டின் எடைக்கே நிற்க வேண்டுமே! அது தொலைநோக்கியில் எப்படித் தெரியும் என்பதையும் 2017-ல் தன் குழுவோடு கணக்கிட்டு வைத்தார்.

அப்படி ஒன்று தெரிந்ததாக 2023 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை ஐயா! யுஎச்இசட்-1 என்ற மண்டலம். பேரண்டம் பிறந்து 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்து ஒளி. அதன் கருந்துளை 1 கோடி முதல் 10 கோடி சூரியன் எடை. அங்குள்ள விண்மீன்கள் அத்தனைக்கும் கிட்டத்தட்டச் சமம். பெருவிதைக்கு இதுவரை கிடைத்த வலுவான சாட்சிகளில் ஒன்று. வெப் தொலைநோக்கி தூரத்தைச் சொல்ல, கருந்துளையைக் காட்டிக்கொடுத்தது சந்திரா தொலைநோக்கி. அதற்குப் பெயர் தந்த அந்தச் சந்திரா யார்? 1930-ல், 19 வயதில், இங்கிலாந்து போகும் கப்பலில் உட்கார்ந்து செத்த விண்மீன் எவ்வளவு கனம் தாங்கும் என்று கணக்குப் போட்ட நம் சந்திரசேகர்!

பிள்ளைகளே, ஆடி மாதம் நிலவில்லாத ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், கரிசல் காட்டுக்குப் போகலாம். தெற்கே விருச்சிகத்தின் கொடுக்கை ஒட்டித்தான் நம் பால்வீதியின் நடு. அங்கே 40 லட்சம் சூரியன் எடையில் நம் கருந்துளை, இப்போதைக்கு ஏறக்குறையப் பட்டினி கிடக்கிறது. ஆடிக்காற்று அடிக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!